இழுத்தும் முறுக்கியும் இற்றுப்போகாத மெதுவக்காவுக்கு

கண்ணாடி இழையின் களைப்பைக் கண்டு சொல்வதில் தாம் களைப்பே காணாத கருமவீரரே! பொய் வலிமையைப் பொறுக்காத பொறியாளரே! வளைத்தாலும் வளையாத, முறுக்கினாலும் முறியாத, மிரட்டினாலும் மசியாத எங்கள் சோதனைக்கூடத்தின் தலைவியே! பணி நிறைவு பெறும் இந்த நன்னாளில் தங்களை வணங்கி வரவேற்கிறோம். நன்னாள் என்பதை வழக்கத்துக்காகச் சொல்கிறோம்; எங்களுக்கு இது நல்ல நாளாகத் தெரியவில்லை.

இந்த மேடையில் வாசிக்க வேண்டிய மடல் இது அன்று. நிர்வாகமே எழுதி, அச்சிட்டு, கண்ணாடியும் சட்டமும் போட்டு அனுப்பிய மடல் அதோ அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. "அனைவரையும் அனுசரித்து, அமைதியே வடிவாகி, காலத்துக்கேற்ப வளைந்து கொடுத்துப் பணியாற்றிய அம்மையாரே!" என்று அது தொடங்குகிறது. படித்துப் பார்த்து நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு எந்தப் பிரிவிலோ ஓய்வு பெறுகிற யாருக்கோ எழுதியது கை மாறி வந்துவிட்டது என்றே நினைத்தோம். ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் கையால் எழுதிய இதை வாசிக்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. எழுந்து போகாமல் இருக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

அஞ்சாமை அணிந்த அம்மையீர்! நேற்று மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைத் தாங்களும் படித்தீர்கள். இயந்திரத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும், வண்டியில் பொருத்தும் புதிய நீளக் கையின் சோதனையில் முறுக்கை நிறுத்திவிட வேண்டுமாம். வளைவை மட்டும் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டி முடிக்க வேண்டுமாம். மற்றதைக் கணிப்பில் பார்த்துக்கொள்ளலாமாம். அதற்கான சான்றிதழ் நாளைக் காலை எங்கள் மேசைக்கு வருமாம், நாங்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டுமாம். தங்கள் வேலையின் கடைசி நாளுக்கு மறுநாள்! நாள் பார்ப்பதில் நிர்வாகத்தை மிஞ்ச ஆளில்லை. தாங்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். "நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று எங்களைக் கேட்கக்கூட இல்லை. அந்த மௌனம் எங்களைச் சுட்டது. இந்த மடல் அதற்கான பதில்.

பதிலுக்கு முன் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் "போதும், வேலையைப் பாருங்க" என்பீர்கள். ஆதலால் சற்று நேரத்துக்குத் தாங்கள் இந்த அறையில் இல்லை என்று வைத்துக்கொண்டு, தங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் பேசும் முறையிலேயே பேசப் போகிறோம். இத்தனை ஆண்டுகளில் அதில் நல்ல பயிற்சி பெற்றிருக்கிறோம்.

வந்திருக்கும் விருந்தினருக்கும் அக்காவின் குடும்பத்தாருக்கும் முதலில் எங்கள் தொழில் விளங்க வேண்டும். மின்கம்பியில் பழுது பார்க்கும் வண்டிகளுக்கு இந்தத் தொழிற்சாலை கை செய்து கொடுக்கிறது. வண்டியின் முதுகிலிருந்து நீண்டு எழும் அந்தக் கையின் நுனியில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் ஓர் ஆள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் மின்சாரம் ஓடும் கம்பி. இரும்பாக இருந்தால் மின்சாரம் வழிந்து இறங்கிவிடும். ஆகவே கண்ணாடி இழைகளை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் என்ற பிசினை ஊட்டி, இறுக்கிச் செய்கிறோம். சுமையைத் தாங்குவது இழை. இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொள்வது ரெசின். தொட்டியில் ஆள் ஏறினால் கை வளைகிறது. அவர் பக்கவாட்டில் எட்டி வேலை பார்த்தால் கை முறுக்கிக்கொள்கிறது. நாளெல்லாம் வளைந்து, முறுக்கி, நிமிர்ந்து, மறுபடி வளைந்து, அந்தக் கை உள்ளுக்குள் களைத்துப்போகிறது. வெளியே பூசிய வண்ணம் புதுமணப்பெண் போலப் பளபளக்கும். உள்ளே ரெசினில் மயிரிழை விரிசல்கள் ஓடிக்கொண்டிருக்கும். எப்போது எவ்வளவு களைக்கும் என்று இயந்திரத்தில் மாட்டி, மாதக்கணக்கில் ஆட்டிப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் கூடத்தின் வேலை.

அக்காவுக்கு "மெதுவக்கா" என்று பெயர் வைத்தவர்கள் விற்பனைப் பிரிவுக்காரர்கள். வைத்தது கேலிக்காக. எப்போது வந்து "கொஞ்சம் வேகமா ஓட்டக்கூடாதா?" என்று கேட்டாலும், "மெதுவாத்தான் ஓடும்" என்பது ஒன்றே அவர் பதில். வேகமாக ஆட்டினால் ரெசின் சூடாகிவிடும். சூடான ரெசின் வேறொரு பொருள். அது எப்போது இற்றுப்போகும் என்று தெரிந்து யாருக்கு என்ன பயன்? காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்து இயந்திரத்திலிருக்கும் கையைத் தொட்டுப் பார்ப்பார். வெப்பமானி பக்கத்திலேயே தொங்குகிறது. அதையும் பார்ப்பார், ஆனால் இரண்டாவதாகத்தான். அவருடைய வீட்டுக்காரர் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மாத்திரையை மேசையில வெச்சுட்டு இங்க ஓடி வந்துட்டா. அப்பவே புரிஞ்சுபோச்சு, நான் ரெண்டாந்தாரம்னு."

அக்காவுக்குக் கோபம் வரும். மறைக்க வேண்டியதில்லை, இங்கே வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் ஒருவரும் இல்லை. குறிப்பாக ஒரு குற்றத்துக்கு எங்கள் கூடத்தில் மன்னிப்பே கிடையாது. சோதனையில் ஒரு கை உடைந்தால் உடனே ஓடிப்போய்த் தொடக்கூடாது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நிற்க வேண்டும். "முதல்ல எது கைவிட்டுச்சு?" என்று அக்கா கேட்பார். இழையா, ரெசினா, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலிருந்த பிடிப்பா என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தொடலாம். அப்போதும், உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துவிட மட்டும் கூடாது. உடைந்ததைக் கண்டால் சேர்த்துவைத்துப் பார்க்க எந்த மனிதக் கைக்கும் ஒரு நமைச்சல் உண்டு. உடைந்த தட்டைக் கையிலெடுத்த யாருக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் வேலையில் அப்படிச் சேர்த்தால் முறிந்த இழை முனைகள் நசுங்கிப்போகும். எது முன்னால் போனது, எது பின்னால் போனது என்பதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அதோடு முடிந்தது.

இனி கதைக்கு வருகிறோம். இந்தத் தொழிற்சாலை முதன்முதலில் செய்த கை, வளைவுச் சோதனையில் தேறியது. முறுக்குச் சோதனையிலும் தேறியது. ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்தபோது, அக்கா மட்டும் பேனாவை மூடிவைத்தார். வளைவு இழையைச் சோதிக்கிறது, முறுக்கு ரெசினைச் சோதிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ரெசின் முதலில் பிடி விடும், பிடி விட்ட இழைகள் ஆளுக்கொரு திசையில் தவிக்கும் என்பது அவர் கட்சி. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரம் எங்களிடம் இல்லை. பட்டறைக்காரரும் அக்காவும் பழைய அழுத்த உருளை ஒன்றைத் தேடிப் பிடித்து, கையை முறுக்குவதற்காக வளைவு இயந்திரத்தின் பக்கவாட்டில் பூட்டினார்கள். ஓட்டுவதற்கு எங்கள் இயக்குபவர் உட்கார்ந்தார். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று நாங்கள் அழைக்கும் அதே ஆள்தான்.

கணக்குப் போட்டிருந்த காலத்தில் கால்வாசிகூடப் போகவில்லை. ஒரு மதியம் படாரென்று ஒரு சத்தம். கை இரண்டாகக் கிடந்தது. நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதற்குள், சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் வண்டி வாங்க வந்திருந்த விருந்தாளிகள். மேலாளர் படித்தவர், அக்காவைப் போலவே பொறியாளர், நல்லது கெட்டது தெரிந்தவர். ஆனால் விருந்தாளிகள் முகத்தைப் பார்த்ததும் மனிதர் பதறிவிட்டார். குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து, முகத்தோடு முகம் வைத்து அழுத்தி, "பாருங்க, எவ்வளவு அழகா பொருந்துது! மிஷின் பிடியில ஏதோ கோளாறு, அவ்வளவுதான்" என்றார்.

ரேடியோவே பேசவில்லை. அக்கா கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் மெல்லத்தான் சொன்னார்.

"சார், சாட்சியோட வாயை நீங்களே பொத்திட்டீங்க."

அதற்குப் பிறகு நடந்தது இழுபறி. பிடியிலிருந்து உடைந்ததா, உள்ளிருந்து உடைந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு கை வேண்டும் என்றார் அக்கா. தரமுடியாது, இருக்கிற இரண்டு தேர்ச்சியை வைத்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் மேலாளர். ஒரு பக்கம் பதவி உயர்வு வரும் என்று இழுத்தார்கள். மறுபக்கம் கிடங்குக்கு மாற்றுவோம் என்று முறுக்கினார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தார்கள். அக்கா அசையவில்லை. "அக்கா, போட்டுத் தொலைங்களேன். எத்தனை குடும்பம் இந்த ஆர்டரை நம்பி இருக்கு" என்று எங்களிலேயே சிலர் கெஞ்சினோம். "அந்தத் தொட்டியில நிக்கறவருக்கும் குடும்பம் இருக்கும்ல?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் ஒரு மின்கம்பி ஊழியர் வந்து நின்றார். நாங்கள் செய்த முதல் கைகளில் ஒன்றை வண்டியில் பொருத்தி, சான்றிதழுக்கு முன்பே ஓட்டிப் பார்க்க நிர்வாகம் கொடுத்திருந்தது. அதில் ஏறுகிறவர் அவர். வண்டியையே எங்கள் முற்றத்துக்கு ஓட்டிவந்துவிட்டார்.

"பக்கவாட்டுல எட்டினா உள்ள ஏதோ சொடுக்குதும்மா. ஆபீஸ்ல சொன்னா சிரிக்கறாங்க. நீங்கதான் இதைப் பரிசோதிக்கறவங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அக்காவுக்கு உயரம் ஆகாது. மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடாதவர். அவர் ஒன்றும் பேசாமல் இடுப்பில் பாதுகாப்புக் கச்சையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஏறிவிட்டார். தரையை விட்டு ஆளுயரம் மட்டும் தூக்கச் சொன்னார். பக்கவாட்டில் கொஞ்சம் மட்டும் சாயச் சொன்னார். ஆளுயரம்தான், ஆனால் அவருக்கு அது வானம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்து கையின் மேல் காதை வைத்தார். கீழே நாங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அவர் தட்டுத்தடுமாறி இறங்கினார். ரேடியோ தாங்கிப் பிடித்தார். "ரெசின் உடையுது" என்று மட்டும் அக்கா சொன்னார். பிறகு அந்த ஊழியரிடம் திரும்பி, "இனிமே நீங்க இதுல ஏறக்கூடாது. யார் சொன்னாலும் ஏறக்கூடாது. என் பேரைச் சொல்லுங்க" என்றார்.

அதற்குள் மேலாளர் முற்றத்துக்கு வந்துவிட்டார். அவர்கள் பேசியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒரு சொல்லையும் கூட்டாமல் இங்கே தருகிறோம்.

"புதுப் பொருள்னா சத்தம் வரத்தான் செய்யும். புதுச் செருப்புகூடத்தான் சத்தம் போடும்."

"செருப்பு அறுந்தா வெறுங்காலோட நடந்துக்கலாம் சார். இது அறுந்தா அவர் எங்க நடப்பாரு?"

"தனித்தனியா ரெண்டுலயும் பாஸ். மூணாவதா ஒரு பரீட்சையை நீங்களே கண்டுபிடிச்சு ஃபெயில் ஆக்கறீங்க."

"நான் எதையும் கண்டுபிடிக்கல. இவர் மேல நின்னுக்கிட்டு தினமும் எழுதற பரீட்சை அது."

மேலாளர் கையெழுத்துப் பேச்சை மறுபடி எடுத்தார். அக்கா கச்சையைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினார்.

"சரி சார். நீங்க ஏறுங்க. நானும் கூட ஏறறேன். ஆளுயரத்துக்கே போதும். ஒரு தடவை பக்கவாட்டுல சாயச் சொல்றேன், காதை வெச்சுக் கேளுங்க. இறங்கினதும் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

மேலாளர் கச்சையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில நாளில் இன்னொரு கை சோதனைக்கு வந்து சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பயந்தவரும் மனிதர்தான், அன்று அவர் பயந்தது நல்லதாய்ப் போயிற்று என்று மட்டும் சொல்கிறோம்.

இரண்டாவது கையும் உடைந்தது. இம்முறை யாரும் தொடவில்லை. பிடியிலிருந்து வெகு தொலைவில், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில், ரெசின் முதலில் கைவிட்டிருந்ததைக் கடைநிலை ஊழியர் முதல் மேலாளர் வரை எல்லோரும் பார்த்தோம். சாய்வாக இழை அடுக்கி, அடியைத் தடிப்பாக்கி, கையை மாற்றிச் செய்தார்கள். எடை கூடியது, விற்பனைக்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள், பிறகு அந்த எடையையே சிறப்பு என்று சொல்லி விற்றார்கள். மேலாளர் அக்காவிடம் "நீங்க சொன்னது சரி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் வருகிறார். எங்களுக்கு அது போதும்.

கதை முடிந்தது. தாங்கள் அறைக்குள் திரும்பி வரலாம், அக்கா.

அடக்கத்துக்கு அடங்காத அறமே! ஆணைக்கு அஞ்சாத ஆய்வே! கணிப்புக்கு நாங்கள் பகைவர்கள் அல்லர். கணிப்புப் போடக் கற்றுக்கொடுத்தவரே தாங்கள்தாம். ஆனால் உடைத்துப் பார்த்த துண்டுகளை வைத்துப் போடுவதுதான் கணிப்பு, உடைத்துப் பார்க்கப் பயந்துகொண்டு போடுவதற்கு வேறு பெயர் என்றும் சொன்னீர்கள். அந்த வேறு பெயரை இந்த நல்ல சபையில் நாங்கள் சொல்லப்போவதில்லை. புதிய கை பழைய கையைவிட நீளம். நீளம் கூடினால் நுனியில் முறுக்கும் கூடும், ஆட்டமும் கூடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆணை எழுதியவருக்கும் தெரியும். முறுக்கை நிறுத்தினால் அந்தக் கை தேறிவிடும் என்பதும் தெரியும். தேறவைப்பதற்காகச் சோதனை இல்லை.

தாங்கள் நீடு வாழ வேண்டும். புறங்கையால் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்த காலைகளை இனி வீட்டுக்காரரின் நெற்றிக்கும் கொஞ்சம் கொடுங்கள். பாவம், அவர் ரொம்பக் காலமாகக் காத்திருக்கிறார். முழங்கால் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். களைப்பு உள்ளே சேர்வது வெளியே தெரியாது என்று எங்களுக்குச் சொன்னவர் தாங்கள். வெளியூரில் இருக்கும் மகள் தங்களை அங்கே இழுப்பார், வீட்டுக்காரர் இங்கேயே இருக்கும்படி முறுக்குவார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம் என்று குடும்பத்தாரை அன்போடு எச்சரிக்கிறோம். உடல் நலமும் மன நிறைவும் பெருகி, நல்ல உறக்கமும் நல்ல சண்டையும் குறையாமல், பல்லாண்டு சிறக்க வாழ்த்துகிறோம்.

அழாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். முடியவில்லை. பரவாயில்லை, மேலே போகிறோம்.

இங்கே எங்களில் ஒருவர் குறைவதைத் தாங்கள் வந்ததுமே கவனித்திருப்பீர்கள். "எனக்கு விழாவுக்கு நேரமில்லை" என்று ரேடியோ சொன்னதற்காக வருத்தப்பட வேண்டாம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முறுக்கு உருளையை நிறுத்தச் சொல்லி மதியம் ஆள் வந்தது. ரேடியோ அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாராம். இதை வாசிக்கும் இந்த நேரத்தில் நீளக் கை வளைந்துகொண்டும் முறுக்கிக்கொண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான் ஓடுகிறது, அக்கா. புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம், சூடு இல்லை.

தாங்கள் கேட்காமல் போன கேள்விக்கு விடை இதுதான். தாங்கள் கேட்டிருக்கலாம். எங்களை நம்பியிருக்கலாம். கிடங்குக்கு மாற்றினால் மாறிக்கொள்கிறோம். அங்கேயும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஒவ்வொருவராக அழைத்து இழுப்பார்கள், முறுக்குவார்கள், அதுவும் தெரியும். நாங்கள் எவ்வளவு தாங்குவோம் என்று எங்களுக்கே தெரியாது; இதுவரை யாரும் எங்களைச் சோதித்ததில்லை. நாளைக் காலை தெரிந்துவிடும்.

இந்த மடலில் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நாளை வரும் சான்றிதழில் ஒருவரும் இடப்போவதில்லை.

தங்கள் வழியில் தலை நிமிர்ந்து நிற்கும்,
சோதனைக்கூடத்தார்

பட்டறைக்காரர், அச்சு வார்ப்பவர்கள், இழை அடுக்குபவர்கள், அளவு எடுப்பவர்கள், கணிப்புப் பிரிவினர் அனைவரும்

ரேடியோ (பணியில் இருப்பதால், அவர் சொல்லி நாங்கள் இட்டது)